டீ தீரும் வரை சமாதானம்

"மேடம், ரூம்ல சீட்டாடக் கூடாது. போலீஸ் வந்தா எங்க லாட்ஜுக்குத்தான் கெட்ட பேரு."

புதுச்சேரியில் ஒருவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு இதுதான். பேசியவர் விடுதி மேலாளர். குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தேன். அவரே கொண்டு வந்தார். கட்டில் முழுக்க நான் பரப்பி வைத்திருந்த சீட்டுகளைப் பார்த்ததும் பாட்டிலைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் ஒரு சீட்டை எடுத்து நீட்டினேன். நெருப்பு கக்கும் குட்டிப் பூதம் ஒன்று அதில் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ராஜா ராணியெல்லாம் எங்க?"

இல்லை என்றேன். பணம் கட்டி ஆடுவதும் இல்லை என்றேன்.

"சும்மா ஆடறதுக்கா மலேசியாலேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டபோது அவர் குரலில் சந்தேகம் போய் இரக்கம் வந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

மலேசியாவில் என் ஊரான கிள்ளானிலும் இதே கதைதான். கப்பல் சரக்கு அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள், சாந்தா சூதாடப் போகிறாள் என்றே என் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஆட்டத்தின் முழுப்பெயர் வாயில் நுழையாத ஆங்கிலம். நாங்கள் 'கோட்டை' என்போம். ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர். ஆளுக்கு ஒரு கோட்டை, முப்பது உயிர். பூதம், சூனியக்காரி, கடல்நாகம், செத்து எழும் சேனை என்று ஆயிரக்கணக்கான சீட்டுகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சீட்டுக்கட்டை ஒவ்வொருவரும் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை யார் கோட்டை நிற்கிறதோ அவருக்கு வெற்றி. இரண்டு பேர் ஆடினால் எதிரே இருப்பவரை அடித்தால் போதும். நான்கு பேர் ஆடும்போது யாரை அடிப்பது, யாரை விட்டுவைப்பது என்பதுதான் ஆட்டமே.

என் கட்டுக்குப் பெயர் சரவெடி. சின்னச் சின்ன நெருப்புப் பூதங்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவை வெடித்துவிட்டுச் செத்துவிடும். மற்றவர்கள் கோட்டைக்கு வாசல் வைப்பதற்குள் நான் கூரையைக் கொளுத்திவிடுவேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கிள்ளானில் இந்தக் கட்டோடு நான் தோற்றது குறைவு. ஆனால் கைப்பேசியில் மூன்று பாண்டிக்காரர்களோடு ஆடத் தொடங்கியபிறகு ஜெயித்தது குறைவு. தோற்றுத் தோற்று அவர்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நேரில் உட்கார்ந்து அவர்களை ஜெயித்துவிட வேண்டும் என்று கடப்பிதழை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன்.

முதல் நாள் ஆட்டம் ரெட்டியார்பாளையத்தில், மூவரில் ஒருவரான மத்தில்து மதாம் வீட்டில். ஆட்டோவில் போனேன். விழுப்புரம் சாலையில் பாதி தூரத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வண்டியை ஆட்டிப் பார்த்தார்.

"பெட்ரோலு ஓரமா நிக்குது மேடம். நீங்க எறங்காதீங்க. அப்படியே லெஃப்ட் சைடு சாஞ்சுக்குங்க."

சாய்ந்துகொண்டேன். வண்டி கிளம்பிவிட்டது. பெட்ரோல் பங்க் வரும்வரை நிமிரக் கூடாது என்று உத்தரவு. எங்கள் ஊர் வாடகைக் கார்களில் ஏறினால் ஓட்டுநர் வாயைத் திறக்க மாட்டார், இறங்கும்போது ஐந்து நட்சத்திரம் மட்டும் கேட்பார். இங்கே பயணியும் வண்டியின் ஓர் உறுப்பு. கழுத்து வலித்தாலும் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மத்தில்து மதாம் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தொட்டிருப்பார். பிள்ளைகள் பிரான்சில். அவருடைய கட்டுக்குப் பெயர் விருந்து. "வாங்க, எல்லாரும் ஆளுக்கு ரெண்டு சீட்டு எடுத்துக்குங்க" என்று தன் முறை வரும்போதெல்லாம் மேசைக்கே பரிமாறுவார். எல்லோரும் அவருக்கு நன்றிக்கடன்பட்டு அவரை அடிக்காமல் விட்டு வைப்பார்கள். கடைசியில் பார்த்தால் சமையலறை முழுக்க அவர் கையில் இருக்கும்.

நாசர், பெரிய மார்க்கெட் பக்கம் தையல் சாமான் கடை வைத்திருப்பவர். பட்டன், ஜிப், லேஸ். அவருடைய கட்டு சுங்கச்சாவடி. அதில் பூதமே அதிகம் கிடையாது. ஆனால் யார் எந்தச் சீட்டை இறக்கினாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். அவருக்கு மட்டும் அந்தக் கூடுதல் கிடையாது. நம்மை லேசில் அடிக்க மாட்டார், நம்மால் நகரவும் முடியாது.

மூன்றாமவர் இருதயராஜ். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் மேற்பார்வை. எல்லோருக்கும் இருதயம். அவருடைய கட்டில் பாதி, செத்த சீட்டுகளை எழுப்புவதற்கே இருக்கிறது. அவருடைய சேனையை வெட்டி வீழ்த்தினால், 'வெட்டு, வெட்டு' என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிலே ஒரு சீட்டு, கடலடி ராணி. அதை இறக்கிவிட்டால் மேசையில் யாருடைய குவியலில் செத்துக் கிடக்கும் சேனையும் எழுந்து இறக்கியவர் பக்கம் வந்துவிடும். கைப்பேசியில் அவள் இறங்கிவிட்டால் அன்றைய ஆட்டம் எனக்கு முடிந்தது.

மேசையில் ஒன்றைக் கவனித்தேன். உயிரை எண்ண மதாமும் நாசரும் சட்டை பட்டன் வைத்திருந்தார்கள், எனக்கும் ஒரு குவியல் பச்சைப் பட்டன் தந்தார்கள். இருதயம் மட்டும் பையிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துக் கொட்டினார். நாசர் தலை குனிந்துகொண்டார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. "மதாம், அவரு முறைன்னு சொல்லுங்க" என்று எதிரிலேயே இருப்பவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார் இருதயம்.

எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சரவெடியைக் கொளுத்தினேன். மதாமின் முப்பது பட்டனும் மளமளவென்று போயின. அவர் கோபிக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டார். தன் கட்டிலிருந்து ஆகப் பெரிய சீட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். "தெஸ்தமான்" என்று சொல்லி அதை நாசர் முன் வைத்தார்.

"என்ன இது?" என்றேன்.

"உயிலும்மா. இந்த மேசையில வெளிய போறவங்க, தன்கிட்ட இருக்கிற ஒரு சீட்டை இருக்கிறவங்கள்ல யாருக்கு வேணாலும் எழுதி வைக்கலாம். பாண்டில தெஸ்தமான் எழுதாம யாரு சாவறாங்க?"

கைப்பேசிக்கு இந்த வீட்டு வழக்கம் தெரியாது. எனக்கும் தெரியாது. மதாமின் சீட்டோடு நாசர் என்னைக் கட்டிப்போட்டார், இருதயம் என்னை முடித்தார். கோபம் வந்ததுதான். ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியில் அந்த வழக்கத்தை நினைத்து நினைத்து வியந்தேன். ஒருவரைக் கொல்வதற்கு முன்னால், சாகும்போது அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டே வரி விதியில் நான்கு பேரையும் மரியாதையாக நடக்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை இருதயம் துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். படகுகள் வந்துவிட்டிருந்தன. ஏலம் விடுபவர் பாடுகிறாரா திட்டுகிறாரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கூடை நிறைய சங்கரா மீன், அதன் மேல் மண்வெட்டியால் ஐஸ் வாரிக் கொட்டினார்கள். கிள்ளான் துறைமுகத்தில் நான் பார்ப்பதெல்லாம் மூடிய பெட்டிகள்தான். உள்ளே என்ன என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். இங்கே சரக்கு கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது.

"இப்ப புரியுதாக்கா என் கட்டு?" என்று சிரித்தார் இருதயம். "உயிரோட இருக்கிறது கடல்ல கெடக்குது. அதுக்கு யாரு வெல குடுக்கறாங்க? செத்து கரைக்கு வந்தாதான் யாவாரம்."

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடையில் இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். காலை நேரத்தில் மீன் குழம்பா என்று தயங்கிய நான் இரண்டாம் தடவை இட்லி கேட்டேன். அப்போதுதான் அவரிடம் நாசரைப் பற்றிக் கேட்டேன்.

மேசையில் இன்னொரு வழக்கமும் உண்டாம். இரண்டு பேர் சமாதானம் செய்துகொள்ள விரும்பினால் ஒருவர் தன் டீ கிளாசை மற்றவர் பக்கத்தில் வைப்பார். மற்றவரும் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்துவிட்டால் சமாதானம். இரண்டு கிளாசிலும் டீ இருக்கும்வரை ஒருவரை ஒருவர் அடிக்கக் கூடாது. எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் குவளை என்றால் ஒரு மணி நேரம் தாங்கும். பாண்டி டீ கிளாஸ் சின்னது, அதனால் எல்லோரும் உதட்டை நனைத்து நனைத்துக் குடிப்பார்கள்.

"டவுன்ல நடந்த போட்டி. கடைசி ஆட்டம். நானும் அவனும் கிளாஸ் வச்சிருந்தோம். நான் மதாமைப் பாத்து மொத்த சேனையையும் அனுப்பிட்டேன். என் கோட்டை தெறந்து கெடக்குது. அவன் தன் கிளாசை எடுத்தான். ஆவி பறக்கற டீக்கா அது. ஒரே மடக்கு. குடிச்சிட்டு என்னை அடிச்சிட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நாக்கு வெந்து ஒரு வாரம் கஞ்சி குடிச்சானாம். குடிக்கட்டும். டீ தீந்துச்சு, விதிப்படி சரிதான். ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்சு நாங்க, அதுவும் தீந்துச்சா?"

முன்பெல்லாம் ஞாயிறுதோறும் நாசர் கடையில்தான் ஆட்டம், துணி வெட்டும் மேசையில், நான்காவதாகக் கடைக்கு வருபவர் யாரையாவது உட்கார வைத்து. அதன்பிறகு இருதயம் அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை. அதனால்தான் மதாம் வீடு. இப்போது அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்.

"நீங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டீங்கன்னுதான் உக்காந்தேன். இந்த ஞாயித்துக்கெழமையோட நான் எழுந்துக்கறேன், போன்லயும் வர மாட்டேன். கட்டைக்கூட யாருக்காவது குடுத்துடுவேன்."

அவர் எழுந்துவிட்டால் கைப்பேசியிலும் அந்த மேசை இல்லை. மூன்று பேரை வைத்துக் கோட்டை ஆட முடியாது. இரண்டு வருஷமாக என் வாரக் கடைசியே அந்த மேசைதான். இருந்தாலும் என் மூளையின் ஒரு மூலை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை மறைப்பானேன்? இருதயம் சாகும்போது நாசருக்கு உயில் எழுத மாட்டார். இது எனக்குப் பயன்படும்.

சனிக்கிழமை நாசர் கடைக்குப் போனேன். பெரிய மார்க்கெட் நெரிசலில் பூக்கூடை ஒன்று என் தோளை ஈரமாக்கியது, வெங்காய மூட்டைக்காரர் ஒருவர் "ஓரம்மா, ஓரம்மா" என்று என்னை இரண்டு கடை தூரம் தள்ளிக்கொண்டே போய்விட்டார். நல்லவேளை, நான் போக வேண்டிய திசைதான். நாசர் கடையில் தரையிலிருந்து கூரைவரை பட்டன் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் உள்ளே இருக்கும் பட்டன் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி வீட்டிலிருந்து வட்டலப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் நாக்கில் கரைந்தன. எங்கள் ஊர் ஸ்ரீகாயா இனிப்புக்கு அக்காவா தங்கையா என்று யோசித்துக்கொண்டே டப்பாவைக் காலி செய்தேன்.

"என்னைப் பத்திச் சொல்லியிருப்பானே" என்றார் நாசர்.

"சொன்னார். ஏன் தம்பி அப்படிச் செய்தீங்க?"

"ஜெயிக்கணும்னுதான். வேற இன்னா? அந்த நேரத்துல அவன் இருதயமா தெரியல, தெறந்த கோட்டையா தெரிஞ்சான்." ஒரு டப்பாவைத் திறந்து மூடினார். "மூணு தடவ வீட்டுக்குப் போனேன். இல்லன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ள இருக்கான். செருப்பு வாசல்ல கெடக்குது. மேசையில தவிர அவனைப் பாக்க முடியலக்கா. அதுவும் நாளையோட போச்சு."

அன்று மாலை கடற்கரைக்குப் போகவில்லை. மஞ்சள் சுவர் வீதிகளில் நின்று படமும் எடுக்கவில்லை. ஊருக்குப் போனதும் அதற்காக நிறைய ஏச்சு வாங்கினேன். அறையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து, பூதங்களில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் கோட்டைச் சுவருக்கான சீட்டுகளைச் சேர்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுமைக்கு இடம் ஒதுக்கினேன். மேலாளர் இந்தத் தடவை கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மொறைக்கிற பூதத்த எடுக்காதீங்க மேடம், நல்லாருக்குது" என்றார். எடுக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல். மதாம் வீட்டு மேசையில் நான்கு கிளாஸ் டீ. இருதயத்துக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் நாசர், எதிரே மதாம். சீட்டுப் போடுவதற்கு முன்பே நாசர் தன் கிளாசை நகர்த்தி, இருதயத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வாய் கூடக் குடிக்காத கிளாஸ். இருதயம் அதைப் பார்க்கவே இல்லை. தன் கிளாசை எடுத்து என் பக்கத்தில் வைத்தார், நானும் என்னுடையதை அதோடு ஒட்டி வைத்தேன். எனக்கு உள்ளூரக் குதூகலம்.

ஆட்டம் நீண்டது. மதாம் பரிமாறினார், நாசர் சுங்கம் வசூலித்தார், நான் ஒன்றிரண்டு பூதங்களாகச் சிக்கனமாக வெடித்தேன். இருதயத்தின் செத்த சீட்டுக் குவியல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு முறை அவருடைய கோட்டை திறந்து கிடந்தது. இரண்டு முறையும் நாசர் அந்தப் பக்கம் திரும்பாமல் தன் முறையை விட்டுவிட்டார். இருதயம் பதில் வைக்காத சமாதானம் அது, செல்லாத சமாதானம். ஆனால் நாசர் அதைத் தனியாளாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டு செருமினார், டீயைத் தொடவில்லை. நானோ, பைத்தியக்காரன், ஜெயிக்கிற ஆட்டத்தை விடுகிறான் என்று நினைத்தேன்.

மதாமை நாசர் மெல்ல மெல்ல இறுக்கி வெளியேற்றினார். மதாம் தன் உயிலை எனக்கு எழுதினார். "விருந்தாளிய வெறுங்கையோட அனுப்பக் கூடாது." கை நிறையச் சீட்டு தரும் சீட்டு அது. என் கையில் பூதங்கள் குவிந்தன.

அப்போதுதான் இருதயத்தின் கண்ணைப் பார்த்தேன். கையிலிருந்த ஒரு சீட்டை அவர் தடவிக்கொண்டிருந்தார், எது என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. கடலடி ராணி. நாசரின் சுங்கத்தால் இந்த முறை இறக்க முடியவில்லை, அடுத்த முறை இறக்கிவிடுவார். இறக்கினால் நானும் நாசரும் காலி. இப்போது அடித்தால் அவரை முடித்துவிடலாம். உயிலுக்குப் பயமில்லை. இருப்பது நானும் நாசரும்தான், நாசருக்கு எழுத அவருக்கு மனம் வராது.

தடை ஒன்றுதான், எங்கள் இரண்டு கிளாஸ். நான் என் கிளாசை எடுத்தேன். டீ வெதுவெதுப்பாக இருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காலிக் கிளாசை மேசையில் வைத்தேன்.

மதாம் "ஓ லா லா" என்றார். நாசர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கையிலிருந்த பூதங்களையெல்லாம் இருதயத்தின் மேல் கொளுத்தினேன். புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து தீர்ந்தன.

இருதயம் என் காலிக் கிளாசையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள்கள் குலுங்கின. அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

"மதாம், நீங்களே சொல்லுங்க. அக்கா பண்ணதுக்கு எனக்குக் கோவமே வரல. அதே வேலையை இவன் பண்ணதுக்கு மட்டும் ஏன் இத்தன நாளா எரியுது?"

"அக்கா விருந்தாளி. அவன் உன் ஆளு. அதான்" என்றார் மதாம். "தெஸ்தமான் எழுது. நேரமாவுது."

இருதயம் அப்போதுதான் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். நாசரின் டீ, வைத்தது வைத்தபடி, விளிம்புவரை இருந்தது. மேலே ஆடை கட்டிச் சுருங்கியிருந்தது. பிறகு கடலடி ராணியை எடுத்தார். என் பக்கம் வரவில்லை அது. நாசர் முன்னால் வைத்தார்.

நாசருக்குச் சுங்கம் கிடையாது. ராணி உடனே இறங்கினாள். வெளியேறியவர்களின் குவியல்கள் போக, மேசையில் செத்துக் கிடந்ததில் பெரியது என்னுடையது. நான் கொளுத்திய அத்தனை பூதங்களும் பல்லை இளித்துக்கொண்டு எழுந்து என்னையே பார்த்தன. மேலாளருக்குப் பிடித்த அந்த மொறைக்கிற பூதமும் அதில் இருந்தது. என் பச்சைப் பட்டன்கள் போன வேகத்தை எண்ணக்கூட முடியவில்லை. இவ்வளவு அழகாக நான் எங்கும் தோற்றதில்லை. வாய்விட்டுச் சொன்னேன்.

நாசர் ஜெயித்த முகமாகவே இல்லை. பட்டன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருதயம் அந்த ஆறிய கிளாசை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார்.

"ஆறிப்போச்சு. குடிடா."

நாசர் ஒரு வாய் குடித்தார். ஒரே ஒரு வாய். மிச்சத்தோடு கிளாசைத் திரும்ப அதே இடத்தில், இருதயத்தின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி அடிக்க யாரும் இல்லை. ஆனாலும் இருதயம், என் காலிக் கிளாசுக்குப் பக்கத்திலிருந்த தன் கிளாசை எடுத்து நாசருடையதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வாரம் கடையிலயே ஆடலாம்டா. மதாம் வீட்டு நாற்காலி முதுக ஒடைக்குது."